ஊராட்சியில் டிஜிட்டல் சிக்கனம்: கரண்ட் பில், குடிநீர் மோட்டார், வீட்டு வரி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளையும் பேரூராட்சிகளையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. மின்சாரக் கணக்குகளில் எல்லாம் யூனிட் 8 ரூபாய் என்று ஒரு தோராய விலை போட்டிருக்கிறோம். உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டு மறுபடி கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

டிஜிட்டல் என்றாலே ஆப் செய்து தருகிறோம் என்று வருகிறார்கள். உண்மையில் எங்கே மிச்சமாகும்?

ஆப்பில் இல்லை. மோட்டார் ரூமிலும் தெருவிளக்குக் கம்பத்திலும் வரிப் பதிவேட்டிலும் இருக்கிறது. சம்பளத்தை விட்டுவிட்டால், பெரும்பாலான ஊராட்சிகளில் தவறாமல் வெளியேறும் பெரிய தொகை மின்கட்டணம்தான். ஆனால் அது மின்கட்டணம் போன்றவற்றுக்கென உள்ள தனி வங்கிக் கணக்கான கணக்கு எண் 2-லிருந்து போகிறது. சாலை, வாய்க்கால் என்று மக்கள் கேட்கும் வேலைகள் வேறு கணக்கில் நடக்கின்றன. அதனால் கரண்ட் பில் ஏறினாலும் ஊராட்சியில் யாருக்கும் அது தன் பையிலிருந்து போவதாகத் தெரிவதில்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதல் வேலை என்ன?

எந்தக் கருவியும் வாங்காதீர்கள். ஊராட்சிப் பெயரில் உள்ள எல்லா மின் இணைப்புகளையும் ஒரே எக்செல் தாளில் ஏற்றுங்கள். ஒரு நடுத்தர ஊராட்சிக்கு இருபது, முப்பது இணைப்புகள்கூட இருக்கும். போர்வெல்கள், தெருவிளக்கு மீட்டர்கள், அலுவலகம், நூலகம், சமுதாயக் கூடம் என்று நீளும் பட்டியல் அது. தேவையான நெடுவரிசைகள் இவை: இணைப்பு எண், எங்கே இருக்கிறது, எதற்கு, கட்டண விகிதம், ஒப்பளிக்கப்பட்ட பளு (அந்த இணைப்புக்கு மின்வாரியம் அனுமதித்த கிலோவாட்), கடைசி ஆறு கணக்கெடுப்புகளின் யூனிட், மீட்டரின் நிலை. யூனிட் விவரத்தை மின்வாரிய இணையதளத்தில் இணைப்பு எண்ணைப் போட்டே எடுத்துவிடலாம், அட்டையைத் தேட வேண்டியதில்லை.

பிறகு தாளை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு மீட்டரையும் நேரில் பார்த்துப் போட்டோ எடுங்கள். இரண்டு நாள் வேலை. அநேகமாக இவற்றில் சில அகப்படும்:

- தண்ணீர் வற்றிக் கைவிட்ட போர்வெல்லின் இணைப்பு. மோட்டாரைத் தூக்கி எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். இணைப்பைத் துண்டிக்க எழுதித் தராததால், யூனிட் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.
- பழுதான மீட்டர். ஒவ்வொரு முறையும் சராசரி போட்டு ஒரே யூனிட் வந்துகொண்டிருக்கும். இந்த நிலையில் எல்இடி மாட்டினாலும் பில் ஒரு பைசா இறங்காது.
- தவறான விகிதம். உள்ளாட்சியின் தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் 2ஏ விகிதம் உண்டு. கட்டடம் கட்டும்போது தற்காலிகமாக வாங்கிய இணைப்போ, வணிக விகிதமான 5-இல் வாங்கியதோ அப்படியே தொடர்ந்திருக்கும்.
- ஊராட்சிக்கே தெரியாத இணைப்பு. கேட்டால் பழைய திட்டம் ஒன்றில் போட்டது என்பார்கள்.

இவற்றுக்குத் தனித்தனி மனு எழுதி மின்வாரிய உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி, அந்தத் தேதியையும் அதே தாளில் குறித்து வையுங்கள். செலவு மனு எழுதும் காகிதம் மட்டுமே. இதற்குப் பிறகு செய்யும் எல்லாவற்றுக்கும் இந்தத் தாள்தான் அடிப்படை.

எல்லா விளக்கையும் எல்இடி ஆக்கிவிட்டோம். பில் எதிர்பார்த்த அளவு குறையவில்லையே?

எவ்வளவு குறைய வேண்டும் என்பதை முதலில் பார்ப்போம். பழைய 40 வாட் குழல் விளக்கு சோக்கையும் சேர்த்து சுமார் 52 வாட் இழுக்கும். அந்த இடத்தில் 20 வாட் எல்இடி வந்தால் விளக்குக்கு 32 வாட் மிச்சம். 200 விளக்கு, இரவுக்கு 11 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 25,000 யூனிட்டுக்கு மேல், அதாவது இரண்டு லட்சம் ரூபாய். இதில் பாதிகூட வரவில்லை என்றால் கீழ்க்கண்ட ஏதோ ஒன்று நடக்கிறது.

பகலில் எரிகிறது. இதுதான் மிகச் சாதாரணமான காரணம். சுவிட்ச் போடும் பொறுப்பு யாரோ ஒருவருடையது, அவர் ஊரில் இல்லாத நாளில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது.

தெருவிளக்கு ஒயரிலிருந்து யாரோ இழுத்திருக்கிறார்கள். கோயில் திருவிழா சீரியல் செட்டுக்குப் போட்ட கொக்கி விழா முடிந்தும் கழற்றப்படாமல் தொங்கும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: எல்லா விளக்கும் எரியும்போது மீட்டரில் கிலோவாட் அளவைப் பாருங்கள். அந்த மீட்டரில் உள்ள விளக்குகளின் வாட்டைக் கூட்டுங்கள். 40 விளக்கு, 20 வாட் என்றால் 0.8 கிலோவாட் காட்ட வேண்டும். 1.5 காட்டினால் லைனில் நடந்து பாருங்கள்.

பளுவைக் குறைக்க எழுதித் தரவில்லை. விளக்கு மாறியது, ஒப்பளிக்கப்பட்ட பளு பழையபடியே இருக்கிறது. அதற்கான நிலைக்கட்டணமும் பழையபடியே.

விளக்கை அணைத்துப் போட டைமரா, வெளிச்ச சென்சாரா, செல்போனில் இயக்கும் பெட்டியா?

கிராம ஊராட்சிக்குச் சூரிய உதய, மறைவு நேரத்தைத் தானே கணக்கிடும் டைமர்தான் பொருத்தம். ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் ஆகியவற்றை ஒருமுறை பதித்துவிட்டால் போதும். சாதாரண டைமரில் 6 மணி என்று வைத்தால் ஆண்டு முழுக்க 6 மணிதான். சென்னையில் நவம்பர் கடைசியில் மாலை 5.40-க்கே சூரியன் மறைகிறது, ஜூலை தொடக்கத்தில் 6.40 ஆகிறது. அந்த ஒரு மணி நேர வித்தியாசத்தைச் சாதாரண டைமர் அறியாது.

வெளிச்ச சென்சார் விலை குறைவு. ஆனால் அதன் கண்ணாடியில் புழுதி படிந்தால் மத்தியானத்தையும் இருட்டு என்று நினைத்து விளக்கைப் போட்டுவிடும். அருகே மரக்கிளை வளர்ந்தாலும் அதே கதை.

சிம் போட்டு மையத்திலிருந்து இயக்கும் பெட்டியைப் பெரிய மாநகராட்சிகள் வைத்திருப்பதைப் பார்த்து நமக்கும் வேண்டும் என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். ஒரு பெட்டியின் கீழ் 20 விளக்கு, ஒவ்வொன்றும் 20 வாட், ஆக 0.4 கிலோவாட். தேவையில்லாமல் எரியும் ஒன்றரை மணி நேரத்தை அந்தப் பெட்டி தினமும் தடுப்பதாகவே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 219 யூனிட், சுமார் 1,750 ரூபாய். அந்தப் பெட்டிக்கு ஆண்டுச் சந்தாவும் சிம் கட்டணமும் இதைத் தாண்டினால் மிச்சம் பிடிக்கப்போய் நட்டம். ஒரே பெட்டியில் நூறு விளக்கு, ஒவ்வொன்றும் 100 வாட்டுக்கு மேல் என்றிருக்கும் நெடுஞ்சாலைப் பகுதியில் இதே பெட்டி நன்றாகக் கட்டுப்படியாகும்.

டைமரிலும் ஒரு கோளாறு வரும். உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்தபின் கரண்ட் போய் வந்தால் கடிகாரம் தவறிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரத்தைச் சரிபாருங்கள்.

புதிதாக வாங்கிய எல்இடி விளக்கு சீக்கிரம் போய்விடுகிறது. இதில் டிஜிட்டல் என்ன செய்யும்?

ஒரு பதிவேடு செய்யும். கம்பத்துக்கு எண் எழுதுங்கள். விளக்கின் மேல் மாட்டிய தேதியைப் பெயின்டால் எழுதுங்கள். கம்பத்து எண், வாட், நிறுவனம், மாட்டிய நாள், உத்தரவாதம் முடியும் நாள் ஆகியவற்றைத் தாளில் ஏற்றுங்கள். உத்தரவாதக் காலத்துக்குள் எரியாமல் போன விளக்கைத் திருப்பிக் கொடுத்து மாற்றாமல், புதிது வாங்கி பில் போடுவது பல இடங்களில் நடக்கிறது. எது எப்போது மாட்டியது என்றே தெரியாததுதான் காரணம்.

வாங்கும்போது இடி, மின்னல் அதிர்வைத் தாங்கும் பாதுகாப்பு உள்ளதா என்று கேளுங்கள். மலிவு விளக்குகளில் எல்இடி சில்லு போவதைவிட உள்ளே இருக்கும் டிரைவர் (சில்லுக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) போவதுதான் அதிகம்.

குடிநீர் மோட்டார் அதிகமாகக் கரண்ட் இழுக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு வாய்ப்பாடு போதும். தண்ணீரைக் கிலோலிட்டரிலும் ஏற்றும் உயரத்தை மீட்டரிலும் வைத்துப் பெருக்கி 367-ஆல் வகுத்தால், மோட்டாரில் எந்த இழப்பும் இல்லாவிட்டால் ஆகும் யூனிட் வரும்.

60,000 லிட்டர் தொட்டி. மோட்டார் ஓடும்போது போர்வெல்லில் நீர்மட்டம் 60 மீட்டர் ஆழம், தொட்டியின் உயரம் 15 மீட்டர், குழாய் உராய்வுக்கு 5 மீட்டர், ஆக 80. அறுபதை எண்பதால் பெருக்கி 367-ஆல் வகுத்தால் 13 யூனிட். நல்ல நீர்மூழ்கி மோட்டார் போட்ட மின்சாரத்தில் 40 முதல் 45 சதவீதத்தைத் தண்ணீர் ஏற்றும் வேலையாக்கும். எனவே தொட்டி நிறைய 29 முதல் 33 யூனிட் ஆனால் ஒழுங்காக ஓடுகிறது என்று பொருள். 45-க்கு மேல் போனால் ஏதோ தேய்ந்திருக்கிறது.

அளக்கும் விதம்: விடியற்காலையில் விநியோக வால்வை முழுவதும் மூடுங்கள். தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். மீட்டரைக் குறித்துக்கொண்டு மோட்டாரைப் போடுங்கள். தொட்டி வழியத் தொடங்கியதும் நிறுத்தி மீண்டும் மீட்டரைக் குறியுங்கள். அதே மீட்டரில் தெருவிளக்கு சேர்ந்திருந்தால் அதை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். ஏற்றிய தண்ணீர் முழுத் தொட்டி இல்லையென்றால் வாய்ப்பாட்டில் அந்த அளவை மட்டும் போடுங்கள்.

கூடுதலாக ஆனால் என்ன காரணம்? மணல் அரித்து இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) தேய்ந்திருக்கும். போர்வெல்லுக்குள் இறங்கும் குழாயில் எங்கோ இணைப்பு விட்டு, தண்ணீர் உள்ளேயே கொட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாத வால்வு பழுதாகி, மோட்டாரை நிறுத்தியதும் ஏறிய தண்ணீர் திரும்ப இறங்கும். இது கடைசி ரகம் என்றால் காதை வைத்தே கண்டுபிடிக்கலாம்: மோட்டார் நின்ற பிறகும் குழாயில் சலசலப்புக் கேட்கும். இந்தச் சோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்து எண்ணைத் தாளில் போட்டுவந்தால், மோட்டார் எரிவதற்கு முன்பே கோளாறு அந்த எண்ணில் தெரிந்துவிடும்.

தொட்டி வழிந்து ஓடுவதற்குத் தானியங்கி வைக்கலாமா?

வைக்கலாம், கிராமத்தில் பணம் திரும்பி வரும் கருவி இதுதான். 7.5 எச்.பி. மோட்டார் மணிக்குச் சுமார் 7 யூனிட் இழுக்கும். தினம் ஒரு மணி நேரம் வீணாக வழிந்தால் ஆண்டுக்கு 2,500 யூனிட்டுக்கு மேல், 20,000 ரூபாய். தண்ணீரும் போகிறது, போர்வெல்லும் வற்றுகிறது.

விவசாயிகள் தோட்டத்தில் வைத்திருக்கும் செல்போன் ஸ்டார்ட்டரும் தொட்டியில் ஒரு மிதவை சுவிட்சும் சேர்ந்தால் போதும். கவனிக்க வேண்டியவை பல:

சிம் ரீசார்ஜ் தீர்ந்தால் கருவி ஊமையாகிவிடும். எல்லா சிம்களுக்கும் ஒரே நாளில், ஓராண்டுத் திட்டமாகப் போட்டு அந்தத் தேதியை அலுவலகச் சுவரில் எழுதுங்கள். 2ஜி கருவிக்கு ஜியோ சிம் வேலை செய்யாது, அந்த நிறுவனத்துக்கு 2ஜி சேவை கிடையாது. இனி வாங்குவதை 4ஜி கருவியாகவே வாங்குங்கள்.

தண்ணீர் இல்லாமல் ஓடுவதைத் தடுக்கும் அமைப்பைக் கடைக்காரர் வைத்துத் தந்த அளவில் விடாதீர்கள். மோட்டார் தண்ணீர் தள்ளும்போது எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று கிளாம்ப் மீட்டரால் அளந்து, அதற்குத் தக்கபடி வையுங்கள். அளக்காமல் விட்டால் ஒன்று மோட்டார் அடிக்கடி காரணமின்றி நிற்கும், அல்லது வறண்டு ஓடி எரியும்.

கரண்ட் வந்ததும் தானாக ஓடத் தொடங்கும் வசதியில் சில நிமிடத் தாமதம் வையுங்கள். குழாயில் உள்ள நீர் கீழிறங்கி மோட்டாரை எதிர்ப்பக்கம் சுழற்றும் நேரத்தில் ஸ்டார்ட் ஆனால் ஷாப்ட் முறியலாம்.

தொட்டிக்குள் வைப்பதில் மிதவை சுவிட்ச் எளிமையானது, ஏணியில் சிக்காமல் தொங்கவிட வேண்டும். ஒலி அலையால் மட்டம் அளக்கும் சென்சார் விற்பவர் சொல்வதுபோல் நம் தொட்டிகளில் ஓடுவதில்லை. மூடிய தொட்டியின் ஆவி அதன் முகத்தில் துளியாகப் படியும். பிளீச்சிங் பவுடர் கலந்த காற்று அதன் இணைப்பு முனைகளை அரிக்கும். தொட்டி கழுவும் நாளில் அது திரும்பிக்கொண்டாலும் யாருக்கும் தெரியாது.

தானியங்கி வந்தால் தொட்டி ஆபரேட்டரின் வேலை போய்விடுமா?

போகாது, போகவும் கூடாது. குளோரின் கலப்பது, வால்வைத் திறந்து மூடுவது, தொட்டி கழுவுவது, உடைந்த குழாயைச் சொல்வது எல்லாம் அவர்தான். அவரிடம் கேட்காமல் வைத்த கருவி ஒரு மாதத்தில் பைபாஸ் செய்யப்பட்டிருக்கும், அதையும் அவரே செய்திருப்பார்.

வீட்டு வரி இணையத்தில் வந்துவிட்டது. வசூல் ஏன் ஏறவில்லை?

கிராம ஊராட்சிகளின் வரியை 2023 முதல் ஊரக வளர்ச்சித் துறையின் இணையதளத்திலேயே கட்டலாம். பணம் கட்டும் வழி எளிதாகிவிட்டது, பட்டியல் பழையபடி இருக்கிறது. ஒரே ஆள் கு.முருகன், முருகன் கு, கே.முருகன் என மூன்று பதிவுகளில் இருப்பார். இரண்டில் பாக்கி நிற்கும், மூன்றாவதில் கட்டியிருப்பார். இறந்துபோனவர் பெயரில் பத்து வருட பாக்கி காட்டும். வீட்டை நான்கு மகன்கள் பிரித்துக் கட்டியிருப்பார்கள், பதிவேட்டில் இன்னும் ஒரே கூரை வீடு.

திருத்தும் வரிசை இது. வரிப் பதிவேட்டின் வீட்டு எண்ணிக்கையை ஊரின் வீட்டு மின் இணைப்பு எண்ணிக்கையோடும் குடிநீர்க் குழாய் இணைப்போடும் ஒப்பிடுங்கள். மூன்றுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் வரி விதிக்காத வீடுகள் இருக்கின்றன. தெருவாரியாக நடந்து, கதவு எண், தற்போது குடியிருப்பவர், கைபேசி எண், கூரையா ஓடா கான்கிரீட்டா என்பதைக் குறியுங்கள். இரட்டைப் பதிவுகளை நீங்களே அழிக்காதீர்கள். கட்டிய ரசீது எந்தப் பதிவில் நிற்கிறது என்று பார்த்து, உரிய ஒப்புதலோடு நீக்குங்கள்.

கைபேசி எண் சரியாக இருந்தால்தான் நினைவூட்டல் போய்ச்சேரும். ஊரில் பாதிப் பேரின் எண்ணாக ஊராட்சி செயலரின் எண்ணே இருந்தால், எல்லா நினைவூட்டலும் அவருக்கே வரும்!

பேரூராட்சி, நகராட்சியில் சொத்து வரியை அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை, உச்சவரம்பு 5,000 ரூபாய். ஏப்ரல், அக்டோபர் முதல் வாரத்திலேயே குறுஞ்செய்தி போக வேண்டும். மாதக் கடைசியில் அனுப்பிப் பயனில்லை.

பழைய பட்டியல் வானவில், பாமினி எழுத்துருவில் இருக்கிறது. அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். அந்தக் கோப்புகளில் திரையில் தமிழ் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குறிகள். பெயரைத் தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது, இணையதளத்தில் ஏற்றினால் குப்பையாக வரும். தமிழ்நாடு அரசு 2010 ஜூனிலேயே ஒருங்குறியை (யூனிகோட்) தரமாக அறிவித்துவிட்டது. மாற்றித்தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றியபின் கொம்பும் ஒற்றும் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஐம்பது பெயரையாவது கண்ணால் பாருங்கள். ‘பெ’, ‘கோ’, ‘ஸ்ரீ’ வரும் பெயர்களில்தான் பிழை மிகும். தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை பழகிவிட்டால் எழுத்துருவுக்கோ மென்பொருளுக்கோ பணம் கொடுக்க வேண்டியதில்லை. கடிதம், கணக்குத் தாள் எல்லாவற்றுக்கும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸ் போதும்.

கணக்கை இணையத்தில் ஏற்றுவது வீண் வேலை இல்லையா? அதனால் என்ன மிச்சம்?

மிச்சம் இல்லை, வரவு. 2021–26 காலத்துக்கான 15-ஆவது நிதிக்குழு மானியத்துக்கு ஊராட்சியின் கணக்குகள், தணிக்கை செய்தவையும் சேர்த்து, பொதுமக்கள் பார்க்கும்படி இணையத்தில் இருக்க வேண்டும் என்பது நுழைவு நிபந்தனையாக வைக்கப்பட்டது. ஊராட்சிக் கணக்குகளுக்கான மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் வவுச்சரை அன்றன்று ஏற்றாமல் மார்ச்சில் உட்கார்ந்தால் செலவுத் தலைப்பு மாறி விழும். அந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், சுகாதாரத்துக்கு என்று கட்டுப்பட்டது. தலைப்பு மாறினால் தணிக்கைத் தடை (தணிக்கையாளரின் ஆட்சேபணை) வந்து உட்காரும்.

டிஜிட்டல் கையொப்பச் சாவியை வேறு யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். தலைவரோ தனி அலுவலரோ, யார் பெயரில் சாவி இருக்கிறதோ பொறுப்பும் அவருடையதே.

குப்பை வண்டிக்கு ஜிபிஎஸ் தேவையா?

பேட்டரி வண்டிக்குத் தேவையில்லை. டீசல் வண்டி நான்கைந்துக்கு மேல் இருந்தால் யோசிக்கலாம். அதற்கு முன் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு மாதம் நோட்டில் எழுதிப் பாருங்கள், பாதி விடை அதிலேயே கிடைக்கும்.

கருவியோ மென்பொருளோ விற்க வருபவரிடம் என்ன கேட்க வேண்டும்?

இரண்டாம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு, அதில் சிம், சர்வர், பழுதுபார்ப்பு அடக்கமா? நிறுவனம் மாறினால் எங்கள் தரவு எக்செல்லாகக் கிடைக்குமா? கடவுச்சொல் யாரிடம்? உதிரிபாகம் நம் மாவட்டத் தலைநகரில் கிடைக்குமா? கம்பத்தில் ஏறுவது யார்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். கடவுச்சொல் பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றினால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

மிச்சமானதைக் கிராமசபையில் எப்படிக் காட்டுவது?

ரூபாயைச் சொல்லாதீர்கள், யூனிட்டைச் சொல்லுங்கள். 2022 செப்டம்பருக்குப் பின் தமிழ்நாட்டில் மின்கட்டணம் பலமுறை ஏறியிருக்கிறது. யூனிட் நன்றாகக் குறைந்த ஆண்டிலும் பில் அதே தொகைக்கு வந்து நிற்கும், ‘இதற்கா இவ்வளவு செலவு’ என்று கேட்பார்கள். முந்தைய மாதத்தோடு ஒப்பிடாமல் போன வருடத்தின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள், ஏனென்றால் ஐப்பசி மழையில் மோட்டார் ஓட்டம் தானாகவே குறையும், சித்திரையில் ஏறும். இடையில் புதிதாக மாட்டிய விளக்குகளையும் இறக்கிய போர்வெல்லையும் தனி வரியில் காட்டுங்கள். ஆண்டுக்கு ஆறு கிராமசபை. மே 1 கூட்டத்துக்குக் கோடை மோட்டார் கணக்கும், நவம்பர் 1 கூட்டத்துக்குத் தெருவிளக்குக் கணக்கும் இணைப்பு எண் வாரியாக ஒரே பக்கத்தில் அச்சிட்டு ஒட்டினால், எந்த மீட்டர் எந்தத் தெருவில் இருக்கிறது என்று ஊர்க்காரர்களே சொல்ல ஆரம்பிப்பார்கள். பட்டியலில் விட்டுப்போன இணைப்பு ஒன்றிரண்டு அப்போதுதான் வெளியே வரும்.